எதையும் சொல்லித்தராத ஆட்டம்

அன்று காலை அவளுடைய கணவன் ஒரே கேள்வியை மூன்று இடங்களில் நின்று கேட்டான்.

முதலில் சமையலறை வாசலில். "இன்னைக்கு மழை வருமா?" பால் பொங்கும் நேரம், அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "வர்ற மாதிரிதான் இருக்கு" என்றாள். அவன் நகர்ந்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனான். "இன்னைக்கு மழை வருமா?" காதில் விழவில்லை போல என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அப்புறம் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, பூனைகூட யோசித்து நுழையும் இடுக்கில், முதுகுவலிக்கார மனுஷன் உடம்பை ஒருக்களித்துச் செருகிக்கொண்டு வந்து, அவள் பிடரிக்கு மிக அருகில், அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் கேட்டான்: "இன்னைக்கு மழை வருமா?"

"காலங்காத்தால என்னங்க விளையாட்டு இது?" என்று திரும்பினாள். அவன் முகத்தில் குறும்பு இல்லை. கோபமும் இல்லை. பொத்தானை அமுக்கிவிட்டு லிஃப்ட் வருகிறதா என்று பார்த்து நிற்கிற முகம். பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை எழுந்து, அடுப்பு உஸ்ஸென்று அணைந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். இங்கே வேறொன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டவன்போல மெல்ல வெளியே போனான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்து, விரலை மடக்கித் தட்டித் தட்டியே கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பான். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கும்போது வழுக்கி விழுந்து முதுகில் அடி. படுத்தே கிடக்கச் சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப்போட்டான். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டான். அடுத்தது டிவிதான் என்று பயந்துபோய்த்தான் அவள் தன் கடையிலிருந்து அந்த ஆட்டத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

வீடியோ கேம் கடையில் அவளுக்கு வேலை. வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத கடை. பிளாஸ்டிக் உறைகளின் வாசனையும் பக்கத்து ஜெராக்ஸ் கடையின் சூடும் கலந்து எப்போதும் காய்ச்சல்காரன் அறை மாதிரி இருக்கும். துப்பாக்கி, கார் பந்தயம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அவள் தலையை நிமிர்த்தாமலே கை காட்டிவிடுவாள். ஆனால் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் தயங்கித் தயங்கி நிற்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் அவளுக்கு உயிர். அவர்களை மூலையில் இருக்கும் தன் சொந்த அலமாரிக்கு அழைத்துப் போவாள். மணியோசையை மட்டும் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிற தீவு. எழுத்தே புரியாத ஊரில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொள்கிற ஆட்டம். தண்ணீர் வற்ற வற்றத் தெருத்தெருவாக வெளியே வருகிற நகரம். "இதுல எதையும் சொல்லித்தர மாட்டாங்க. அம்புக்குறி கிடையாது, குறிப்பு கிடையாது. ஆனா உங்களுக்கே தெரியும். எப்படித் தெரிஞ்சதுன்னுதான் தெரியாது." முடிவு என்ன என்று யாராவது கேட்டால், கடைசிவரை சொல்ல மாட்டாள். "சொன்னா சுவாரசியம் போயிடுமே!"

கணவனுக்குக் கொடுத்த வீட்டு ஆட்டமும் அந்த வகைதான். மற்ற ஆட்டங்களோடு சேர்ந்து சில பெட்டிகள் வந்தன. அட்டையில் ஒரு வெள்ளைக் கதவு. ஒரு காலி வீடு, அவ்வளவுதான். ஆளில்லை, பேய் இல்லை, ஓடுவதில்லை. எதைத் தொட்டால் எது அசையும் என்று கையே கற்றுக்கொள்ளும்: குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் நாலாவது ஓட்டின்மேல் நின்றால் மாடி ஜன்னல் விலகும், அலமாரிக் கதவை மூடும் வேகத்தை வைத்து விளக்கின் நிறம் மாறும். சில மணி நேரம் ஆடிப் பார்த்தாள். இதைவிட நல்ல ஆட்டம் தன் கைக்கு வந்ததில்லை என்று தோன்றியது. பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். வந்த பெட்டிகள் எல்லாம் போயின. ஒன்றை வெளியூரில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினாள். ஒன்று கணவனுக்கு.

அவனோடு அவன் தங்கையும் சேர்ந்துகொண்டாள். நாத்தனார் இவர்களோடுதான் இருக்கிறாள்; குழந்தைகள் வார்டில் நர்ஸ். நரம்பே தட்டுப்படாத பிஞ்சுக் கையிலும் ஒரே முயற்சியில் ஊசி ஏற்றுகிற விரல்கள் அவளுக்கு. அண்ணனும் தங்கையும் ஒரு சோபாவில் ஒட்டி உட்கார்ந்து, சின்ன வயசில் எப்படி இருந்திருப்பார்களோ அப்படி, "அங்க தொடு", "ஊஹூம், இந்தப் பக்கம்" என்று கிசுகிசுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போன வாரம் இருவரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

"முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"ம்" என்றான் கணவன்.

"கடைசில என்ன வருது?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "சொன்னா சுவாரசியம் போயிடும் அண்ணி."

அதன் பிறகுதான் இதெல்லாம். பேசி முடித்தபின்னும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது. காரணமில்லாமல் அவள் கையில் எதையாவது கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பது: ஒரு கரண்டி, பிறகு ஒரு சாவி, பிறகு ஈரத்துணி, பிறகு மறுபடியும் கரண்டி. அவள் அதை மேசைமேல் வைத்தால் எடுத்து மறுபடியும் கொடுப்பார்கள். பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து விழித்தால், கட்டிலின் இரண்டு பக்கமும் இருவரும் குந்தியிருப்பார்கள். நாத்தனாரின் கட்டைவிரல் அவள் முழங்கையின் உள்மடிப்பில் அழுத்திக்கொண்டிருக்கும். "நாடி பார்த்தேன் அண்ணி. தூங்குங்க."

கடைக்கு மேலே, தரைத்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர் ஒரு மதியம் கீழே இறங்கி வந்தார். அவர் மனைவிக்கு அந்த ஆட்டத்தைக் கொடுத்தது அவள்தான். எப்போதும் ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டே வருகிறவர், அன்று கடைக்குள் வந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"மேடம், அந்த வீட்டு ஆட்டத்தை நீங்க முடிச்சுட்டீங்களா?"

"இல்ல சார். கொஞ்சம்தான் ஆடினேன். ஏன்?"

"கடைசில என்ன வரும்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"என் வீட்டுக்காரியும் சொல்ல மாட்டேங்கறா." சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினார். தொண்டைக்குழியிலிருந்து கீழே வரிசை வரிசையாக, கட்டைவிரல் அளவில், நீலம் பாரித்த வட்டங்கள். அவசரத்தில் அழுத்தியவை அல்ல. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டு, பொறுமையாக, ஒன்றுகூட விடாமல். "வலிக்கவே இல்ல மேடம். அதுதான் பயமா இருக்கு. நேத்து ஒரு இடத்துல வெச்சு அழுத்தினா. உள்ள ஏதோ நகர்ந்துச்சு."

டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரரிடம் போய் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

அடுத்த நாள் மருந்துக்கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் ஷட்டர் இறங்கியே கிடந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனாள். வளாகத்துக்குப் பின்னால், நடந்து போகிற தூரம்தான். ரெண்டே அறை கொண்ட சின்ன வீடு. மனைவிதான் கதவைத் திறந்தாள். அப்போதுதான் தரை துடைத்த மாதிரி ஃபினாயில் வாசனை. அதற்கு அடியில் வேறொன்று, நாள்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்தப் புழுங்கிய காற்று.

"சார் இருக்காரா?"

"இருக்காரே!" அந்தப் பெண் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேல்வரை ஈரம். குழல் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. "உள்ளதான் இருக்கார்."

உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்து சாத்தியது. பிறகு அதற்கும் அப்பால் இன்னொன்று. பிறகு இன்னும் தள்ளி, எதிரொலியோடு, ஒரு பெரிய கனமான கதவு. அவ்வளவு தூரம் அந்த வீட்டில் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. பஸ் போகும் சத்தம் தனியாகக் கேட்டது. கதவுச் சத்தம் அதற்கும் அப்பால் போய்க்கொண்டே இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்," என்றாள் அந்தப் பெண், முகமெல்லாம் மலர்ந்து. "இந்த மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

வீட்டுக்கு வந்து படுத்தாள். சாப்பிடவில்லை. தலை விண்விண்ணென்று தெறித்தது. நாத்தனார் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றிப்பொட்டைத் தேய்த்துவிட்டாள். உண்மையிலேயே இதமாக இருந்தது, அதனால்தான் அவள் தடுக்கவில்லை. கணவன் கால்மாட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டான். கல்யாணமான புதிதில் அப்படிப் பிடித்துவிட்டிருக்கிறான். கண்ணை மூடினாள். நாத்தனாரின் விரல் காதுக்குப் பின்னால் இறங்கி, தாடை எலும்பின் ஓரமாக வந்து, ஒரு குழிவில் நின்றது. அதே நேரம் கணவன் குதிகாலை லேசாகத் திருப்பினான்.

அவளுக்குள் ஏதோ டக்கென்று விழுந்தது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

அவள் வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை. வெளியே வந்த குரலும் அவளுடையது அல்ல. நெஞ்சுக்குள் எங்கோ ஆழத்தில், நீண்ட தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து, கதவு தட்டும் சத்தம் கேட்டு ஒருவர் கேட்பதுபோலக் கேட்டது:

"யாரு?"

அண்ணனும் தங்கையும் அவள் உடம்புக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அந்த இரண்டு முகங்களிலும் பார்த்ததே இல்லை.

"பார்த்தியா?" என்றான் அவன்.

அவர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது.

விடிந்ததும் கைப்பையில் இரண்டு துணிகளைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். பூட்டுக்கடைக்காரர் கடை திறந்துகொண்டிருந்தார், பள்ளிக்கூட வேன்கள் போயின, எல்லாம் எப்போதும்போல. அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

"வாடி. இதுக்கெல்லாம் கேக்கணுமா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்க்கா."

மறுமுனையில் செருப்புச் சத்தம். அக்கா எங்கோ நடந்து போய் நின்றாள். "வாடி. இதுக்கெல்லாம் கேக்கணுமா?" பிறகு ஏதோ கதவு திறந்தது, குரல் குளியலறையில் பேசுகிற மாதிரி மோதி எதிரொலித்தது. "வாடி. இதுக்கெல்லாம் கேக்கணுமா?"

போனை அணைத்தாள். பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், "மணி என்னம்மா?" என்று கேட்டாள். இவள் சொன்னாள். அம்மாள் தலையாட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு இவளுடைய இந்தப் பக்கம் வந்து நின்றாள். இவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணி என்னம்மா?"

பஸ் வந்தது. ஜன்னலோரங்களில் முகங்கள். எல்லாம் இவளையே பார்த்துக்கொண்டு. காத்துக்கொண்டு. அவள் ஏறவில்லை. போக இடம் இல்லாதவள் வேறெங்கே போவாள்? வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினாள்.

ஒன்றே ஒன்று மீதியிருந்தது. முடிவு என்ன என்று தெரிந்தால் தடுக்க ஏதாவது வழி இருக்கலாம். வீட்டில் யாரும் கண்ணில் படவில்லை. சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினாள். அதே காலி வீடு. குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. நாலாவது ஓட்டில் நின்றாள். ஜன்னல் அசையவில்லை. அலமாரி, விளக்கு, சுவர், படி. எதுவும் எதோடும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த ஆட்டமும் அவள் கைக்கு இப்படிச் செத்துக் கிடந்ததில்லை. பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாள், கட்டைவிரல் வலிக்கும்வரை, கண்ணீர் வழிய வழிய.

சோபா இரண்டு பக்கமும் அமுங்கியது.

"கொடுங்க அண்ணி," என்று நாத்தனார் கன்ட்ரோலரை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள். "இதுல இனிமே ஒண்ணும் இல்ல."

"என்னங்க," என்றாள் கணவனைப் பார்த்து. "வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதம்மா. நான் இருக்கேன்ல." அவன் அவள் தலையைத் தடவினான். அதில் பொய்யே இல்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் அதே கை, அதே கிரீஸ் வாசனை. "வலிக்காது. வலிச்சா சொல்லு."

எழுந்து ஓடியிருக்கலாம். வாசல் கதவு திறந்தேதான் கிடந்தது. வெளியே வெயில், யாரோ துணி துவைக்கும் சத்தம். எழவில்லை. எதற்கு? அங்கேயும் இதேதான். அதுமட்டுமில்லை. நேற்றுக் கேட்ட அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த நினைப்பு வந்ததும்தான் உடம்பு முழுக்கச் சில்லிட்டது.

விரல் காதுக்குப் பின்னால் வந்தது. தாடையோரம். குழிவு.

குதிகால்.

டக்.

"யாரு?"

கணவன் அவள் விலாவில் காதை வைத்தான். விரலை மடக்கித் தட்டினான். கேட்டான். கொஞ்சம் தள்ளித் தட்டினான்.

டக். டக்.

உள்ளே காலடிச் சத்தம். அவள் உள்ளே. யாரோ நடந்து வருகிறார்கள். அவசரமில்லை. வெறும் தரையில், வெறுங்காலில். தாழ்வாரத்தில் ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். கிட்டே வந்துவிட்டது. தொண்டைக்குக் கீழே நின்றது. மூச்சு விடுகிறது. அவள் மூச்சு அல்ல.

நாத்தனாரின் கட்டைவிரல் கழுத்தெலும்பின்மேல் அமர்ந்தது. அழுத்தியது. திரும்பியது.

அவள் வாய் திறந்தது. மேலும் திறந்தது. எங்கே நிற்குமோ அங்கே நிற்கவில்லை. கிழியவில்லை. வலியில்லை. கதவு திறப்பதுபோலச் சுலபமாக, கீல் முனகலோடு, மேலும். பூட்டிக்கிடந்த வீட்டின் காற்று அவள் முகத்தின்மேல் அடித்தது.

கத்த நினைத்தாள். கத்த வாய் இல்லை.

கணவன் குனிந்தான். முகம் மிக அருகில். கண்ணுக்குள் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தான்.

"பாப்பா, டார்ச் எடு" என்றான் தங்கையிடம்.

வெளிச்சம் உள்ளே இறங்கியது. எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அவளால் உணர முடிந்தது. அது எங்கேயும் முட்டவில்லை.

"படிக்கட்டு இருக்கு," என்றான் அவன், மெல்லிய குரலில். "கீழ போய்க்கிட்டே இருக்கு."

நிமிர்ந்தான். அவள் கன்னத்தை ஒருமுறை அன்பாகத் தட்டினான். பிறகு, யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் நுழையப் போகிறவனைப்போல, செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சோபாவுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்தான்.

அவளுக்குள், முதல் படியில், அவன் பாதம் ஊன்றியது. அது குளிர்ந்திருந்தது.